பாட்டிலை விட்டு வந்த வாழை

திசு வளர்ப்புக் கூடத்தின் அலமாரியில், விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் வாழைக் கன்றைப் பார்த்தால் குறை சொல்ல எதுவும் இருக்காது. இலை பளபளவென்று பச்சையாக இருக்கும். பூச்சி கடித்த தடம் இல்லை, நுனிக் கருகல் இல்லை, தூசி கூட இல்லை. பாட்டிலின் அடியில் வெள்ளை வெளேரென்று வேர் சுருண்டு கிடக்கும். அதே கன்றை எடுத்துவந்து மே மாத மதியத்தில் வெட்டவெளியில் வைத்தால் சாயங்காலம்வரை தாங்காது. பார்க்க இவ்வளவு நன்றாக இருப்பது ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகிறது என்பது ஒரு கேள்வி. அப்படியானால் எதைப் பார்த்துத்தான் ஒரு கன்று நன்றாக இருக்கிறது என்று சொல்வது என்பது இன்னும் தொல்லையான கேள்வி.

இதைப் பேச தவளக்குப்பத்தை எடுத்துக்கொள்கிறேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் சுண்ணாம்பாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வரும் ஊர் அது. கிழக்கே நல்லவாடு, அதற்கப்பால் கடல். மேற்கே அபிஷேகப்பாக்கத்தைத் தாண்டிப் போகப் போக மணல் குறைந்து, பாகூர் ஏரிப் பாசனத்து நெல்வயலும் கரும்பும் வாழையும் வந்துவிடும். சில கிலோமீட்டருக்குள் மண் மாறுகிறது, கிணற்றுத் தண்ணீரின் ருசி மாறுகிறது. ஒரே நாளுக்குள் காற்றும் மாறுகிறது. கோடையில் காலை முழுவதும் மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று இறங்கியதும் உடம்பு பிசுபிசுக்கும். மனிதர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பு எரிச்சல். பாட்டிலை விட்டு வந்த கன்றுக்கு அதுதான் உயிர். கடற்காற்று வர நேரமாகிற நாளில், பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரைதான் அது பிழைக்குமா இல்லையா என்பது முடிவாகிறது.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். காற்று எவ்வளவு தாகத்தோடு இருக்கிறது என்பதை அளக்க ஆவியழுத்தக் குறைபாடு என்று ஒரு கணக்கு உண்டு. காற்று அந்த வெப்பநிலையில் அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவிக்கும் இப்போது அதில் உள்ள நீராவிக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. 25 டிகிரி வெப்பத்தில், மூடிய பாட்டிலுக்குள், காற்று ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருப்பதால் இந்தக் குறைபாடு பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோர மாலையில் அது சுமார் 0.85 கிலோபாஸ்கல். 38 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள கோடைக் காலையில் ஏறக்குறைய 4. பூஜ்யத்திலிருந்து நாலுக்குப் போவது ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்றெல்லாம் சொல்லக்கூடிய மாற்றம் இல்லை. இலையிலிருந்து நீரை எதுவுமே இழுக்காத உலகத்தில் வளர்ந்த ஒன்றை, எல்லாப் பக்கமும் இழுக்கும் உலகத்தில் கொண்டுவந்து வைக்கிறோம்.

வெளிச்சமும் இப்படித்தான். கூடத்து விளக்குகள் தருவது பெரும்பாலும் 2,000 முதல் 3,000 லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலைக்குக் கீழே வைத்தால்கூடக் கன்று பழகியதைப்போல் பதினைந்து, இருபது மடங்கு வெளிச்சம் அதன்மேல் விழுகிறது. நிழலில் வைத்திருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

*

பாட்டிலுக்குள் அந்தக் கன்று எப்படிப் பிழைக்கிறது என்று பார்த்தால், அது தாவரமாக வாழவே இல்லை என்று தோன்றும். 1962இல் டோஷியோ முராசிகியும் ஃபோல்கே ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த உப்புக் கலவைதான் இன்றும் பெரும்பாலான கூடங்களில் அடிப்படை. அதில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். கன்று சாப்பிடுவது அந்தச் சர்க்கரையைத்தான். மூடி இறுக்கமாக இருப்பதால் உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்சம் கரியமிலவாயுவும் விளக்கு எரியத் தொடங்கிய சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். ஒளிச்சேர்க்கை பெயருக்குத்தான். பச்சையம் இருக்கிறது, வேலைதான் இல்லை.

ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் டொயோகி கோசாய் இதைத் தலைகீழாகத் திருப்பினார். சர்க்கரையை எடுத்துவிட்டு, காற்று புகும் மூடி வைத்து, கரியமிலவாயுவையும் வெளிச்சத்தையும் கூட்டினால் கன்று பாட்டிலுக்குள்ளேயே தன் சாப்பாட்டைத் தானே தயாரிக்கும் என்று காட்டினார். அப்படி வளர்ந்த கன்று வெளியே வந்ததும் அவ்வளவு தடுமாறுவதில்லை. ஆனால் சர்க்கரை மலிவு, தனி மூடியும் வாயு ஏற்பாடும் செலவு. அதனால் கூடத்தில் மிச்சமாகும் பணத்துக்கான விலையை வெளியே நிழல்வலைக் குடில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இலையின் மேல்தோலில் ஒரு மெழுகுப் பூச்சு இருக்க வேண்டும். பாட்டில் இலையில் அது அரைகுறைதான். காற்று உலர்ந்திருந்தால்தானே இலைக்கு மெழுகு தேவைப்படும். 1970களில் பிரிட்டனில் பி. டபிள்யூ. டபிள்யூ. கிரௌட் திசு வளர்ப்புக் காலிஃபிளவரை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, அதன் இலையில் மெழுகு மிகவும் குறைவு என்று காட்டினார். மெழுகைவிடப் பெரிய குறை இலைத்துளைகளில் இருக்கிறது. இலையின் அடிப்புறத்தில் ஆயிரக்கணக்கில் உள்ள இந்தத் துளைகளின் இரு பக்கமும் இரண்டு காவற்செல்கள் இருக்கும். தண்ணீர் குறையும்போது அவை தளர்ந்து துளையை மூடும். பாட்டில் இலையில் இந்தச் செல்கள் உருண்டையாக, தோல் மட்டத்திலிருந்து துருத்திக்கொண்டு இருக்கும். திறந்தது திறந்தபடியே நிற்கும். இருட்டினாலும் மூடாது, காற்று வறண்டாலும் மூடாது, வறட்சியின்போது செடி தானே சுரக்கும் அப்சிசிக் அமிலத்தைத் தெளித்தாலும் சரியாக மூடாது. இந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் காப்பாற்றப் பார்ப்பது, குழாயைத் திறந்து போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பவில்லையே என்று மோட்டாரைப் போட்டுக்கொண்டே இருப்பதைப் போன்றது.

இதை நம்பக் கண்ணால் பார்ப்பதே நல்லது. பெரிய செலவில்லை. நகைக்கடையில் வைத்திருப்பதுபோல் 0.01 கிராம்வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று போதும். பாட்டிலிலிருந்து அப்போதுதான் எடுத்த கன்றின் இலை ஒன்று, குடிலில் இரண்டு மாதம் இருந்து தேறிய கன்றின் இலை ஒன்று. இரண்டையும் கிள்ளி மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடை போட்டு எழுதிக்கொண்டே வரவேண்டும். பாட்டில் இலை கால் மணிக்குள் துவண்டு போகும். பிறகு ஓரம் சுருளத் தொடங்கும். எடையை வரைபடமாகப் போட்டால் கோடு ஒரே சரிவாக, தயக்கமே இல்லாமல் கீழே இறங்கும். தேறிய இலையின் கோடு வேறு மாதிரி. முதலில் அதுவும் வேகமாகத்தான் இறங்கும். பிறகு ஓரிடத்தில் மடங்கி, ஏறக்குறையப் படுத்துக்கொள்ளும். அந்த மடக்கில்தான் துளைகள் மூடுகின்றன. அதற்குப் பிறகு போகும் நீர் தோல் வழியாகக் கசிவது மட்டும். ஒரே வரைபடத்தில் இரண்டு விஷயம் கிடைத்துவிடுகிறது: மடக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது இலைத்துளையின் சாமர்த்தியம், மடக்குக்குப் பிறகு சரிவு எவ்வளவு மெல்லியது என்பது மெழுகின் தடிமன்.

துளையையே பார்க்க வேண்டும் என்றால் நிறமில்லாத நகப்பூச்சை இலையின் அடிப்புறத்தில் மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் செல்லோடேப் ஒட்டி உரித்து, கண்ணாடித் துண்டில் ஒட்டிவிடலாம். பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியிலேயே 400 மடங்கில் துளைகளின் அச்சு தெரியும். கிள்ளி அரை மணி நேரம் கழித்து எடுத்த அச்சில் தேறிய இலையின் துளைகள் கோடாக இருக்கும். பாட்டில் இலையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நான் பார்த்த வரையில், இதைப் பார்த்த பிறகு யாரும் பாட்டில் கன்றின் பளபளப்பைப் புகழ்வதில்லை.

1981இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரெய்னார்டும் ஃபுச்சிகாமியும் ஆப்பிள் கன்றுகளை வைத்து இதையே முறையாகச் செய்தார்கள். கன்றுகளைக் குறைந்த ஈரப்பதத்தில் சில நாள் வைத்த பிறகு, கிள்ளிய இலையின் துளைகள் மூடக் கற்றுக்கொண்டிருந்தன. எத்தனை நாளில் கற்கும் என்பது செடிக்குச் செடி மாறும். வாழையில் பொறுமை கொஞ்சம் அதிகம் வேண்டும்.

*

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளாவிட்டால் மற்ற அளவீடு எல்லாம் வீண். பாட்டிலிலேயே விரிந்து முடிந்த இலை, வெளியே வந்த பிறகு எவ்வளவு கவனித்தாலும் முழுத் தகுதியுள்ள இலையாக மாறுவதில்லை. அதன் அமைப்பு முடிந்துபோன ஒன்று. சில வாரம் அது கன்றுக்குத் தன்னிடமுள்ள சேமிப்பைக் கொடுத்து, அப்படியே மஞ்சளாகிக் காய்ந்துவிடும். அது நோய் இல்லை. கன்றின் எதிர்காலம் நடுவில் சுருண்டு கிளம்பும் குருத்தில் இருக்கிறது. குடிலில் வந்த பிறகு உருவான முதல் குருத்து கொஞ்சம் பாட்டில் இலை மாதிரியும் கொஞ்சம் வெளி இலை மாதிரியும் இரண்டுங்கெட்டானாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது குருத்துதான் முழுவதும் இந்த ஊர்க் காற்றில் செய்த இலை. மெழுகு அதில்தான் தடிக்கும், துளை அதில்தான் ஒழுங்காக மூடும்.

எனவே குடிலில் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு போகிறவர் கீழ் இலை மஞ்சளாகிறதே என்று பதறத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது, பழைய இலைகள் அப்படியே பச்சையாக நின்று, குருத்து மட்டும் வராமல் இருக்கும் கன்றைப் பார்த்துத்தான். பார்க்க அது பக்கத்துக் கன்றைவிட அழகாக இருக்கும். பத்து நாள் கழித்தும் குருத்து நகரவில்லை என்றால் அதன் வேர் வேலை செய்யவில்லை என்று பொருள். சூடு குறையாத பருவத்தில் ஒரு நல்ல வாழைக் கன்று வாரம் பத்து நாளுக்கு ஒரு இலை விடும். குடிலில் வேலை செய்யும் பெண்கள் குருத்தின் நுனியில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து அது எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று பார்த்தால், எந்தக் கருவியும் சொல்லாததைச் சொல்லிவிடலாம்.

முராசிகி 1974இல் திசு வளர்ப்பு வேலையை மூன்று கட்டமாகப் பிரித்தபோது, மண்ணுக்குத் தயார் செய்வது மூன்றாம் கட்டத்தின் கடைசிப் பகுதியாக வந்தது. வெளியே பழக்குவதைத் தனியாக நான்காம் கட்டம் என்று எண்ணத் தொடங்கியது பிறகுதான். கூடத்தில் இருப்பவர்களுக்கு வேர் விட்டதோடு வேலை முடிந்தது. நட்டவர்களுக்கோ அங்கேதான் ஆரம்பம். இழப்பு பெரும்பாலும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடந்ததால், அது யாருடைய இழப்பு என்று வெகுநாள் தெளிவாகவில்லை.

இன்று நடைமுறை இரண்டு படியாக இருக்கிறது. முதலில் பாட்டிலிலிருந்து எடுத்து, வேரில் ஒட்டிய அகர்க் கூழைத் தண்ணீரில் அலசி, பூஞ்சாணக்கொல்லியில் நனைத்து, தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் நட்டு, பிளாஸ்டிக் கூண்டுக்குள் பனிமூட்டம்போல் நீர் தெளித்து நான்கு முதல் ஆறு வாரம். 90 சதவீதத்தில் ஆரம்பிக்கும் ஈரப்பதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வர வேண்டும். பிறகு பாலிதீன் பைக்கு மாற்றி 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே இன்னும் ஐந்தாறு வாரம். பாகூர், வில்லியனூர் பக்கம் போன்ற இடங்களுக்குப் பொருந்துவது இந்த இரண்டாம் படிதான். கூடம் வைக்கக் கோடிகள் வேண்டும். தட்டில் வரும் கன்றை வாங்கி வலைக்குடிலில் தேற்றிக் கொடுக்க, கொஞ்ச இடமும் நல்ல தண்ணீரும் கூர்ந்து பார்க்கும் கண்ணும் போதும்.

அந்தக் கண்ணைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. குடில்களில் அடிக்கடி நடக்கும் பேச்சு ஒன்று உண்டு. கன்று வாங்க மதியத்தில் வந்தவர், "என்னம்மா, கன்னெல்லாம் இப்படித் தொங்குது?" என்பார். தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும் பெண் திரும்பாமலே, "வெயிலுக்கு அப்படித்தாண்ணே இருக்கும். காலைல வந்து பாருங்க. அப்பவும் தொங்குனா கேளுங்க" என்பார். தாவர உடலியல்காரர்கள் செய்வதும் இதுதான். ஸ்கோலாண்டர் குழு 1965இல் பிரபலப்படுத்திய அழுத்தக் கலனில் இலையை வைத்து, காம்பு வழியாகச் சாறு வெளியே எட்டிப் பார்க்கும்வரை அழுத்தம் கொடுத்து, செடி எவ்வளவு தாகத்தில் இருக்கிறது என்று அளப்பார்கள். அதை விடிவதற்கு முன் அளப்பதற்குத் தனி மரியாதை உண்டு. இரவு முழுக்கக் குடித்தும் தாகம் தீராத செடிக்குத்தான் வேரில் கோளாறு. வேடிக்கை என்னவென்றால், வெட்டினால் பால் வடியும் வாழையில் இந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்யாது. வடிவது சாறா பாலா என்று தெரியாது. வாழைக்கு அந்தப் பெண் சொன்ன முறையே மேல்.

*

கருவிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது, எங்கே ஏமாற்றும் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் எளிது ஒப்பு நீர் அளவு. இலைத் துண்டை எடை போடு, தண்ணீரில் நாலு மணி நேரம் மிதக்கவிட்டு வயிறு நிறையக் குடித்த எடையை எடு, அடுப்பில் உலர்த்திக் காய்ந்த எடையை எடு. துண்டு முதலில் 2.10 கிராம், நீர் குடித்த பின் 2.40, காய்ந்த பின் 0.40 என்று வைத்துக்கொள்வோம். இலையில் இருந்த நீர் 1.70 கிராம், இருந்திருக்கக்கூடிய நீர் 2.00 கிராம். ஆக 85 சதவீதம். மதியத்தில் எடுத்த துண்டுக்கு மோசமில்லை. இது எழுபதுக்குக் கீழே இறங்கி, மறுநாள் காலையும் ஏறாமல் இருந்தால் அந்தத் தட்டைப் பிளாஸ்டிக் கூண்டுக்குள் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

பச்சையமானி என்று கையில் அடங்கும் கருவி ஒன்று உண்டு. இலையைக் கவ்வி, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் எவ்வளவு ஊடுருவுகின்றன என்று ஒப்பிட்டு ஒரு எண்ணைக் காட்டும். விற்பவர்கள் அந்த எண்ணை இலையின் ஆரோக்கியம் என்றே சொல்லி விற்பார்கள். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். நிழல் மிகுந்த மூலையில் இருக்கும் கன்று கரும்பச்சையாக, நெட்டையாக, எண்ணில் நன்றாகவே காட்டும். வயலில் வைத்தால் வெளுத்துவிடும். ஒரே கன்றை வாரா வாரம் அளந்து, எண் ஏறுகிறதா என்று பார்ப்பது பயனுள்ளது. இரண்டு கன்றை ஒப்பிட்டு இது நல்லது அது கெட்டது என்பது பயனற்றது.

என் மதிப்பில் உயர்ந்து நிற்பது இலையின் ஒளிர்வை அளக்கும் முறை. 1931இல் ஜெர்மனியில் ஹான்ஸ் கவுட்ஸ்கியும் ஹிர்ஷும் ஒன்றைக் கவனித்தார்கள். இருட்டில் வைத்த இலையின்மேல் திடீரென்று ஒளியைப் பாய்ச்சினால், அது மங்கலான சிவப்பில் ஒளிர்ந்து, கொஞ்ச நேரத்தில் அந்த ஒளிர்வு தணிகிறது. இலை வாங்கிக்கொள்ளும் ஒளியில் ஒரு பகுதி உணவாக்கப் போகிறது, ஒரு பகுதி வெப்பமாகப் போகிறது, ஒன்றிரண்டு சதவீதம் இப்படிச் சிவப்பு ஒளியாகத் திரும்பி வருகிறது. உணவாக்கும் இயந்திரம் பழுதானால் அந்தக் கணக்கு மாறும். இன்றைய கருவி இலையை இருபது முப்பது நிமிடம் கிளிப்பால் மூடி இருட்டில் வைத்து, ஒரு மின்னல் கொடுத்து, ஒரு விகிதத்தைக் காட்டும். ஆரோக்கியமான இலை எந்தச் செடியாக இருந்தாலும் அது 0.83ஐ ஒட்டியே வரும். 1987இல் பியோர்க்மனும் டெம்மிக்கும் பலவகைச் செடிகளை அளந்து கண்ட எண் இது. பாட்டிலிலிருந்து வந்த கன்றை வெளிச்சத்துக்கு அவசரமாகக் கொண்டுவந்தால் இந்த எண் இறங்கும். 0.7க்குக் கீழே போனால் இலைக்கு வெயில் அடி பட்டிருக்கிறது. இலை அப்போது இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். கண்ணுக்கு வெளுப்புத் தெரிவதற்குச் சில நாள் முன்பே கருவி சொல்லிவிடுவதால், வலையை இன்னொரு மடிப்புப் போட்டுக் கன்றைக் காப்பாற்ற நேரம் கிடைக்கிறது. அடுத்த வாரம் எண் மறுபடி 0.8க்கு ஏறினால் பழகிக்கொண்டுவிட்டது என்று பொருள். விலைதான் குடில்காரருக்கு எட்டாது. வேளாண் கல்லூரிகளிலோ, புதுச்சேரிக்குக் குரும்பாபேட்டில் இருப்பதுபோன்ற வேளாண் அறிவியல் நிலையங்களிலோ பொதுவில் வைத்து எல்லாரும் அளந்து பார்த்துக்கொள்ள வழிசெய்தால் காசு வீண்போகாது.

வேரைப் பார்க்கக் கருவியே வேண்டாம். பாட்டிலில் விட்ட வேருக்கு வேர்த்தூவி இராது, தண்டோடு நீர்க்குழாய் இணைப்பும் அரைகுறை. அதில் பாதி செத்து, புது வேர் வர வேண்டும். குழித்தட்டின் அடியில் விரலால் தள்ளினால் நார்க்கழிவு கட்டியாக, குழியின் வடிவத்திலேயே வெளியே வரவேண்டும். உதிர்ந்தால் வேர் பிடிக்கவில்லை. கட்டியின் ஓரத்தில் தெரியும் வேர் வெள்ளையாக, தொட்டால் விறைப்பாக இருக்க வேண்டும். பழுப்பாக, இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தால் அழுகல்.

தவளக்குப்பம் பக்கத்துக்கென்றே உள்ள சிக்கல் உப்பு. கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் கூடக்கூட, உப்புநீர் உள்ளே வருகிறது. வாழை உப்பைத் தாங்காத பயிர், அதிலும் இளங்கன்று இன்னும் மோசம். தண்ணீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஒரு டெசிசீமன்ஸைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். கூடவே, கழுவாத நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் இலையோரம் காய்ந்து உள்நோக்கிக் கருகும். அதைப் பார்த்து வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து இன்னும் அதிகமாக அதே தண்ணீரைத் தெளிப்பார்கள். வெயில் அடியையும் உப்பையும் பிரிக்க ஓர் எளிய அடையாளம்: வெயில் பட்ட கருகல் வெளிச்சம் நேராக விழுந்த இலைப்பரப்பில் திட்டாக இருக்கும். உப்பு எல்லா இலையிலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பழைய இலையிலிருந்து தொடங்கும். பைக்குள் வடியும் தண்ணீரைப் பிடித்து மின்கடத்துதிறன் மானியை வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் தொல்லை எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். காற்றில் ஈரம் தானாகவே நிறைந்திருக்கும், தெளிப்பானை நிறுத்த வேண்டும், ஆனால் கோடையில் வைத்த நேரக்கணக்கையே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கிழங்கு அழுகும், தண்டு அடியில் நாற்றம் அடிக்கும். நுண்ணுயிரே இல்லாத பாட்டிலில் பிறந்த கன்றுக்கு நல்ல நுண்ணுயிரின் துணையும் கிடையாது. அதனால்தான் பை நிரப்பும் மண்ணில் சூடோமோனாஸ், வேர்ப்பூஞ்சாணம் எல்லாம் சேர்க்கிறார்கள். ராஜஸ்தானின் தார் பாலைவனத்திலிருந்து அஜித் வர்மாவின் குழு பிரித்தெடுத்து 1998இல் விவரித்த பிரிஃபார்மோஸ்போரா இண்டிகா என்ற பூஞ்சாணம், திசு வளர்ப்புக் கன்றுகளைத் தேற்றுவதில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது.

*

வீண் பயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜி-9 போன்ற கேவண்டிஷ் வகைக் கன்றுகளின் இளம் இலையில் கருஞ்சிவப்புத் திட்டுகள் தெறித்தாற்போல் இருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் இலைப்புள்ளி நோய் என்று திருப்பி அனுப்புவதுண்டு. அது இளமையின் நிறம், கன்று வளர வளர மறைந்துவிடும். நோய்ப்புள்ளிக்கு நடுவில் காய்ந்த சாம்பல் நிறமும் சுற்றி மஞ்சள் வளையமும் இருக்கும். இந்தத் திட்டில் இலை உயிரோடு, வழவழப்பாகவே இருக்கும்.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததற்கு. கீழ்ப்பழனி மலையில் 1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த விருப்பாச்சி மலைவாழை, முடிக்கொத்து நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனது. நோயுள்ள தாய்மரத்திலிருந்து பக்கக்கன்று எடுத்தால் சில நூறு நோயாளிகள். அதே மரத்தைத் திசு வளர்ப்பில் பெருக்கினால் பல ஆயிரம் நோயாளிகள், அதுவும் ஒரே மாதிரி பச்சையாக. அதனால் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கென்று ஒரு சான்றளிப்பு முறையைத் தொடங்கியது. திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் முடிக்கொத்து, தேமல், கோடு, மடல் தேமல் ஆகிய நச்சுயிரிகளுக்குச் சோதனை செய்கிறார்கள். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கோடு நச்சுயிரியின் மரபுத்துணுக்கு பூவன் போன்ற வாழைகளின் சொந்த மரபணுவுக்குள்ளேயே பதுங்கியிருக்கிறது. திசு வளர்ப்பின் அழுத்தமே அதை எழுப்பிவிடலாம். தாய்மரத்தில் ஒரு கோடுகூடத் தெரியாமல் இருந்து, பாட்டிலில் பிறந்த பிள்ளைக்கு வரலாம்.

விற்கும் நாளில் பார்க்க வேண்டிய அளவுகள் ஏறக்குறைய எல்லாக் குடிலிலும் ஒன்றுதான்: உயரம் 30 சென்டிமீட்டர், தண்டுச் சுற்றளவு ஐந்தாறு சென்டிமீட்டர், வேலை செய்யும் இலை நாலைந்து, வேர் இருபத்தைந்துக்குக் குறையாமல். இவற்றோடு இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பலர் பார்ப்பதில்லை. ஐந்து சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். இலைகள் விசிறிபோல் ஒரே இடத்தில் நெருங்கி, நீளம் குறைந்து அகலம் கூடியிருந்தால் அது குட்டை வகையாக மாறிப்போன கன்று. கேவண்டிஷில் திசு வளர்ப்பு உண்டாக்கும் மாற்றங்களில் இதுதான் அதிகம். இதுவரை சொன்ன சோதனை எல்லாவற்றிலும் அது தேறிவிடும். துளை மூடும், ஒளிர்வு 0.83 காட்டும், வேர் வெள்ளையாக இருக்கும், காலையில் நிமிர்ந்து நிற்கும். வயலில் வைத்தால் தார் தேறாது.

ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வெட்டிப் பெருக்கினால் இந்த மாற்றம் கூடும் என்பதால் எட்டுச் சுற்றோடு நிறுத்திவிட்டுப் புதிய தாய்க்கிழங்கிலிருந்து தொடங்குவது நல்ல கூடங்களின் வழக்கம். தட்டு தட்டாகக் கன்று வாங்கும் குடில்காரர் விலையைக் கேட்கும்போதே இது எத்தனையாவது சுற்று என்று சேர்த்துக் கேட்டுவிடலாம். பதில் சொல்லத் தயங்கும் கூடத்தின் தட்டுகளில் நெருங்கிய இலைக்காரர்களைப் பைக்கு மாற்றும்போதே பொறுக்கி எடுத்துவிட வேண்டும். கன்று 20 சென்டிமீட்டரைத் தாண்டியதும் பழகிய கண்ணுக்கு அது தெரியும்.